கத்தி மெருகு

கத்தி வீட்டுக்கு வரும்போது கறுப்பாகத்தான் வரும். தர்மன் அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வண்டியின் முன்பையில் பதவிசாக வைத்து, தாமல் ஏரிக்கரைக் கொட்டகையிலிருந்து முசரவாக்கம் வரைக்கும் பள்ளம் மேடு பார்த்து ஓட்டிக்கொண்டு வருவான். வந்ததும் அதை நதியாவின் பலகைமேல் வைத்த பிறகுதான் முகம் கழுவப் போவான். அவன் முகத்திலும் அதே கறுப்பு இருக்கும். மூக்குத் துளையைச் சுற்றி, காது மடிப்புக்குள், புருவத்து மயிரில்.

அதற்கப்புறம் அது நதியாவின் பாடு.

பலகையின் தலைமாட்டில் இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. கத்தியின் பிடிப்பக்கத்தை நடுவில் கொடுத்துத் திருகினால் ஆடாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், தோல் ஒட்டிய ஒரு சின்னக் கட்டை, அப்புறம் வாட்டர் பேப்பர். காருக்குப் பெயிண்டு அடிக்கிறவர்கள் தேய்ப்பதற்கு வாங்குகிற தாள்தான். இருநூற்று இருபதாம் நம்பர் தாளில் ஆரம்பித்தால் கை முழுக்க மணல்போலக் கரகரக்கும். நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். கடைசியில் இரண்டாயிரம். அது கன்னத்தில் வைத்தால்கூட உறுத்தாது.

தேய்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பிடியிலிருந்து முனைக்கு, ஒரே போக்கில் இழுக்க வேண்டும். முனைக்கு வந்ததும் கையை அப்படியே தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் திருப்பினாலும் மீன்முள்போல ஒரு வளைவு விழுந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்த வளைவை எடுக்க மறுபடி கீழ் நம்பருக்கு இறங்க வேண்டும். ஒரு கத்திக்கு மூன்று நாள் ஆகும். மழை நாளில் நாலு, ஏனென்றால் இரவில் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் காலையில் துரு பூத்திருக்கும்.

நதியாவுக்கு முப்பத்தெட்டு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தாள். தர்மன் அப்போது பெங்களூர் ரோட்டில் லாரி அடியில் பாரம் தாங்குகிற கமான் பட்டை கட்டுகிற பட்டறையில் இருந்தான். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுவான். ஒரு நாள் வேனில் பட்டை உடைந்து வந்த அருள் என்கிற பையன், அரைமணி நேரம் நின்று இவன் சம்மட்டி அடிப்பதைப் பார்த்தான். இன்ஜினியரிங் படித்தவன். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பட்டுப் புடவைக் கடை. புடவை விற்க அவனுக்கு மனசில்லை. அழகுக் கத்தி செய்து வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று ஒரு கிறுக்கு அவனைப் பிடித்திருந்தது.

"அண்ணா, எங்கூட வந்துடுங்க. வாரக் கூலி தந்துடறேன்" என்றான்.

தாமல் ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டான். உலை வைத்தான். இரண்டு சாதி எஃகை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, மடித்து மடித்து அடித்தால் உள்ளே வரிவரியாக ஓடும். ஆசிடில் முக்கினால் அந்த வரி ஏரித் தண்ணீர் அலைபோல மேலே எழும்பி வரும். அடிப்பதும் பெல்ட் மெஷினில் பிடித்து வடிவம் தீட்டுவதும் தர்மன். படம் வரைவது, காய்ச்சித் தோய்த்துப் பதம் போடுவது, கொம்பிலும் மரத்திலும் பிடி மாட்டுவது அருள். பிடிக்குச் சற்று மேலே சின்னதாக ஓர் எழுத்து பொறிப்பான். அது அவன் பேரின் முதல் எழுத்து. மெருகு நதியாவினுடையது. கத்திக்குத் தொள்ளாயிரம் ரூபாய்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி மதகு வழிந்தது. தர்மனுடைய இருமலும் அப்படித்தான். முதலில் சளி என்றார்கள். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நதியா அவனைக் காஞ்சிபுரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"இரும்பு வேலை சார். மெஷின்ல தீட்டறது."

"மாஸ்க் போடறீங்களா?"

தர்மன் கழுத்திலிருந்த துண்டைத் தொட்டுக் காட்டினான்.

"உள்ள போனது வெளிய வராது. இனிமே போவாம பாத்துக்கலாம், அவ்ளோதான். அந்த வேலைய விட்டுடுங்க" என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

 வீட்டுக்கு வந்து, கேழ்வரகுக் களி கிண்டி, ஏரி மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தபோதுதான் நதியா வாயைத் திறந்தாள்.

"விட்டுடுயா."

"விட்டுட்டு?"

"வேற எதுனா பாரு."

"நாப்பத்தாறு வயசுல எவன்மே வேற வேல குடுப்பான்? பட்டறைக்குப் போனா நாள் பூரா சம்மட்டி தூக்கணும். மூச்சு நிக்காது. மெஷின்ல நின்னுக்கினாவது தீட்டலாம்."

"தீட்டறதுதான வேணாங்குறாரு."

"டாக்டருக்கு இன்னா, சொல்லிடுவாரு" என்று அவன் களியை விழுங்கினான். பாதியில் இருமல் வந்து தட்டைத் தள்ளி வைத்தான்.

அவளாவது பழைய நூல் சுற்றும் வேலைக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆறு வருஷம் ஈரத் தாளை அழுத்தியதில் அவள் விரல் நுனிகள் வெடித்துப் போயிருந்தன. வெடிப்பின் ஓரம் முள்போல நிற்கும். அவள் தொட்டால் பட்டு இழை மாட்டி அறுந்துவிடும். வெடிக்காத இடத்தில் தோல் வழவழவென்று ரேகையில்லாமல் கிடந்தது. ரேஷன் கடை மெஷினில் அவள் கட்டைவிரல் விழுவதில்லை. கடைக்காரர் மணிவண்ணன் துணியால் துடைத்துப் பார்ப்பார், எண்ணெய் தடவச் சொல்வார், கடைசியில் "பொண்ண அனுப்பும்மா" என்பார். மகள் சுகாசினி பன்னிரண்டாவது படிக்கிறாள். அரிசி வாங்குகிற நாளில் அவளுக்கு முதல் இரண்டு பீரியடு போய்விடும்.

கத்தி என்ன விலைக்குப் போகிறது என்று கண்டுபிடித்ததும் சுகாசினிதான். ஒரு சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா, இந்தக் கத்தி நீ தேச்சதா பாரு."

நதியா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். படம் சின்னதாக இருந்தாலும் தெரிந்தது. முனைக்குக் கீழே மூன்று வரிகள் ஒன்றாகக் கூடி, கண்போல ஒரு சுழி. போன வருஷம் மாசியில் தேய்த்தது. அந்தச் சுழியில் ஒரு கீறல் போகாமல் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டது.

"நம்மளுதுதான். எங்க இருக்குது?"

"அமெரிக்காவுல ஒருத்தரு அருளண்ணன் கிட்ட வாங்கி, திரும்ப வேற ஒருத்தருக்கு வித்துருக்காரு. நம்ம காசுல எவ்ளோ தெரியுமா? நாலு லட்சத்து எழுபதாயிரம்."

நதியா சிரித்தாள். "போடி."

"சத்தியமா மா. கணக்குப் போட்டுப் பாத்தேன்."

தர்மன் கட்டிலில் படுத்திருந்தான். கண்ணைத் திறக்காமலே, "எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா? தெரிஞ்சிக்கினா சும்மா இருந்த?"

"இவ்ளோனு தெரியாது. லட்சத்துலனு தெரியும். பார்சல் கட்டசொல்ல சீட்டுல போட்டிருப்பான்."

"அப்பா, நீதான அடிச்ச? அம்மாதான தேச்சது?" சுகாசினி போனை அவன் பக்கம் நீட்டினாள். "இன்னாத்துக்கு அவரு பேரு?"

"பேருக்குத்தான் காசு பாப்பா. நான் போயி தர்மன் செஞ்ச கத்தின்னா நானூறு ரூவாக்கு வாங்குவான் கசாப்புக் கடைக்காரன். அந்தப் பையனும் ஆறு வருஷமா அலையறான். இங்கிலீசு பேசறான். கடன்பட்டு உலை போட்டான். அத்த சொல்லு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் நதியாவுக்கு வலித்தது. கோபப்படவும் மூச்சு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் அருளே வீட்டுக்கு வந்தான். நனைந்த ரெயின்கோட்டை வாசலில் தொங்கவிட்டு, ஒரு பெரிய பொதியைப் பிரித்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி.

"அக்கா, இது சென்னைல வரதராஜன் சார்னு ஒருத்தருக்கு. குளிர்சாதன கிடங்கு பிசினஸ். இந்தியாவுல கத்தி சேக்கறவங்கள்ல பெரிய ஆளு. வியாழக்கிழம வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவ எடுக்க காஞ்சிபுரம் வர்றாங்களாம். அப்டியே கொட்டகையப் பாத்துட்டு கத்திய கையோட வாங்கிக்கறேன்னுட்டாரு."

"இன்னிக்கு ஞாயிறு தம்பி. இவ்ளோ நீளத்துக்கு மூணு நாள் பத்தாதே."

"எப்டினா முடிச்சுக் குடுங்கக்கா. இதுக்கு ரெண்டாயிரம் தர்றேன்." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணு. அன்னிக்கு நீங்க கொட்டகைக்கு வரணும். டீ குடுக்கணும், கடைசியா ஒரு தடவ தொடச்சு வெக்கணும். யாருன்னு கேட்டா ஒத்தாசைக்கு வர்ற அக்கானு சொல்லிடுவேன். தப்பா நெனைக்காதீங்க. அவங்கள்லாம் ஒரே ஆளு செஞ்சாதான் மதிப்பாங்க. அதுக்குத்தான் விலை."

"நாங்க இன்னா நெனைக்கப் போறோம்" என்றாள் நதியா.

மூன்று நாளும் அவள் எழுந்து நடந்தது சோறு வைக்கவும் கொல்லைக்குப் போகவும் மட்டும்தான். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. உள்ளே தாள் இழுபடும் சத்தம், இடையிடையே தர்மனின் இருமல். செவ்வாய்க்கிழமை ஆயிரம் நம்பருக்கு வந்தபோது ஆள்காட்டி விரல் வெடிப்பு பிளந்தது. அவளுக்குத் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் விரல் மரத்துப் போயிருந்தது. சாப்பிட எழுந்துபோய்த் திரும்பி வந்து பார்த்தால், கத்தியின் நடுவில் மிளகளவு ஒரு பழுப்புப் பொட்டு. ரத்தம் விழுந்து அரைமணி நேரத்தில் எஃகைத் தின்றிருந்தது.

அவள் அதை ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.  அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு, அறுநூறாம் நம்பர் தாளை எடுத்துக் கிண்ணத்தில் நனைத்தாள்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. ஏரி வானத்துக்குச் சமமாக நிறைந்து கிடந்தது. பத்து மணிக்குக் கறுப்புக் கார் ஒன்று கரைமேல் ஊர்ந்து வந்தது. மெஷின் சத்தம் வேண்டாம் என்று அருள் சொல்லியிருந்ததால் தர்மன் கரையோரம் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தான்.

வரதராஜனுக்கு அறுபத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, சாதாரணச் செருப்பு. பணக்காரர் என்று பார்த்தால் தெரியாது. பேச்சும் பணிவாகத்தான் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் உலையைத் தொட்டுக் கும்பிட்டார். கத்தியை இரண்டு கையாலும் வாங்கினார்.  பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நதியா டீ போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தாள். பழுப்புப் பொட்டு இருந்த இடத்தில் அவர் நின்றார்.  அவர் தாண்டிப் போனார்.

"அருள்" என்றார் வரதராஜன், "என்கிட்ட முன்னூத்தி நாப்பது கத்தி இருக்கு. ஜப்பான்ல பண்ணது, இத்தாலில பண்ணது. இந்த மாதிரி ஃபினிஷ் நாலோ அஞ்சோதான் பாத்திருக்கேன். எப்படிப்பா கை வருது?"

"பழக்கம் சார்" என்றான் அருள்.

"ஒண்ணு பண்ணுங்க. ரெண்டே ரெண்டு இழுப்பு இழுத்துக் காட்டுங்க, வீடியோ எடுத்துக்கறேன். எங்க குரூப்ல போடணும். பம்பாய்ல ஒருத்தர் இந்தக் கத்திக்கு என்னைவிட முன்னால பேர் குடுத்து வெச்சிருந்தார். வயிறு எரியட்டும்."

அருள் சிரித்தான். பலகையில் கத்தியைப் பொருத்தினான். இரண்டாயிரம் தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்தான். முதல் இழுப்பு பரவாயில்லை. நதியா டீத் தட்டோடு வந்தாள். இரண்டாவது இழுப்பில் அவன் கை முனைக்குப் போனதும் மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கியது. மூன்றாவதற்கும் அப்படியே கையை வைத்தான்.

"அப்டி திருப்பாதப்பா!" என்று கத்திவிட்டாள் நதியா. "மூணு நாளா குந்திக்கினு தேச்சது!"

தட்டில் டீ தளும்பியது. வரதராஜன் போனை மெல்லக் கீழே இறக்கினார். அருள் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது. 

வரதராஜன் குனிந்து பூதக்கண்ணாடி வழியாக முனையைப் பார்த்தார். வளைவு விழுந்திருந்தது.

"சரி பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார். அருளைக் கேட்கவில்லை.

நதியா அருளைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டை வைத்துவிட்டுப் பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். "ஆயிரத்துல எறங்கணும் சார். ஒரு ஒன்றரை மணி நேரம் ஆவும்."

"ஆகட்டும்" என்று அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேய்க்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் விட்டது. வேலை பயத்தை எடுத்துக்கொண்டது. அவர் கேட்டதற்கெல்லாம் தலைநிமிராமல் பதில் சொன்னாள்.

"எத்தனை வருஷமா பண்றீங்க?"

"ஆறு வருஷம் சார்."

"எல்லாக் கத்தியுமா?"

"மெருகு எல்லாம் நான்தான். எல்லாத்தையும் நாங்கதான்னு சொல்லக்கூடாது. படம் வரையறது, பதம் பாக்கறது, பிடி போடறது தம்பிதான். அவரு கை பிடி மாதிரி எவனும் போட முடியாது."

"அப்ப அடிக்கிறது?"

அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "எங்க வூட்டுக்காரரு. மரத்தாண்ட குந்திக்கினு இருக்காரு."

தர்மனைக் கூப்பிட்டார்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றவனை வரதராஜன் எழுந்து நின்று கை கொடுத்து வரவேற்றார். தர்மன் என்ன செய்வதென்று தெரியாமல் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

"இத வெச்சி இன்னா சார் வெட்டுவீங்க?" என்று தர்மன் கேட்டான். ஆறு வருஷமாக அவன் கேட்க நினைத்த கேள்வி.

வரதராஜன் சிரித்தார். "ஒரு எலுமிச்சம்பழம்கூட வெட்டினதில்லைப்பா. வெட்டினா விலை போயிடும். வீட்ல ஒரு ரூமுக்கு இருபத்திநாலு மணி நேரமும் ஏசி ஓடுது, ஈரம் படக்கூடாதுன்னு. எங்கள்ல பாதிப் பேர் பெட்டியையே பிரிக்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் வெச்சிருந்து அடுத்தவனுக்குக் குடுத்தா ரெண்டு மடங்கு. நான் விக்கறதில்ல. ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பேன். பசங்க அமெரிக்கால. வேற என்ன பண்றது, சொல்லுங்க."

தர்மன் பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தான். இருமல் முந்திக்கொண்டது. இரும்பு உரசுவது மாதிரியான இருமல். வெளியே போய் வெகுநேரம் இருமிவிட்டு வந்தான். வரதராஜன் அந்தப் பக்கம் பார்க்காமல் பெல்ட் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே கறுப்புத் தூசி குவியலாகக் கிடந்தது.

வேலை முடிந்து நதியா கத்தியைத் துடைத்துக் கொடுத்தபோது, அவர் கத்தியை வாங்காமல் அவள் விரலைப் பார்த்தார். "கையைக் காட்டுங்கம்மா" என்றார். அவள் தயங்கி நீட்டினாள். டியூப் சுற்றிய விரல், வெடிப்பில் படிந்த கறுப்பு, ரேகையில்லாத நுனிகள். அவர் அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கண் கலங்கியதுபோலிருந்தது. உள்ளங்கையை ஒரு படம், புறங்கையை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"இதை ஏம்ப்பா மறைச்சீங்க?" என்றார் அருளிடம். "இது தெரிஞ்சிருந்தா இந்தக் கத்திக்குப் பேசின ஆறு லட்சம் என்ன, இன்னும் மேலயே குடுத்திருப்பேனே."

கார் போன பிறகு அருள் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி தர்மன் சாப்பிடவில்லை. "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ? ஒரு வளைவு விழுந்தா விழட்டுமே. உன் வூட்டு சொத்தா அது?"

"என் கண்ணு முன்னால கெடுத்தா எப்டியா பாத்துக்கினு இருக்கறது?"

"இப்ப வேலையும் போச்சு, போ."

 இரண்டு நாள் வண்டி வாசலிலேயே நின்றது. மூன்றாம் நாள் அருள் வந்தான். கையில் ஸ்வீட் பெட்டி. கோபமெல்லாம் போய் முகம் பளபளத்தது.

"அக்கா, வரதராஜன் சார் உங்க கை படத்த போட்டு பெருசா எழுதிட்டாரு. பதினோரு ஆர்டர் வந்திருக்கு! அவரு வீட்ல கத்தி ரூம்ல உங்க கைய பெருசாக்கி மாட்டிட்டாராம்."

"என் கைய மாட்டி வெச்சி இன்னா பண்றாரு?"

"பாத்துக்கினு இருப்பாரு." அவனுக்கே சிரிப்பு வந்தது. "இனிமே கத்திக்கு ரெண்டாயிரம்க்கா. ஒரு வீடியோ மட்டும் எடுக்கணும். நீங்க தேய்க்கற மாதிரி. நம்ம ஊருப் பட்டுப்புடவ கட்டிக்கினு. காஞ்சிபுரம்னாலே அவங்களுக்குப் பட்டுதான். அப்பா கடைலேர்ந்து புடவ எடுத்தாறேன்."

"சோப்புத் தண்ணில பட்டுப்புடவயா?"

"ரெண்டு நிமிஷம்தான்க்கா."

நதியா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தர்மன் கட்டிலில் உட்கார்ந்து, வேலை திரும்பக் கிடைத்த நிம்மதியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

"கட்டிக்கறேன் தம்பி. ஆனா அவரு இனிமே மெஷினாண்ட போவக்கூடாது."

"நதியா" என்றான் தர்மன்.

"நீ இரு. பிடி போடற வேல கத்துக் குடுங்க அவருக்கு. குந்திக்கினே செய்யலாம். மெஷினுக்குத் தூசி இழுக்கற குழாய் இருக்குதாமே, சுகாசினி காட்டினா போன்ல. அத்த வாங்கிப் போடுங்க. அதுக்கு மின்ன யாரும் அங்க தீட்டக்கூடாது."

அருள் நெற்றியைத் தேய்த்தான். "அக்கா, நான் மட்டும் வேணாம்னா சொல்றேன்? அது ரெண்டு லட்சம் ஆவும்க்கா. கொட்டகைக்கு கரண்டு லைன் வேற மாத்தணும். இப்பதான் கடன் கட்டி மூச்சு விடறேன்."

"ஒரு கத்தி வெலகூட இல்லியே தம்பி."

அவள் குரலை உயர்த்தவில்லை. அருள் ஸ்வீட் பெட்டியின் நூலைப் பிரித்தான், திரும்பக் கட்டினான். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"சரிக்கா" என்றான் கடைசியில்.

வீடியோ கார்த்திகை முதல் வாரத்தில் எடுத்தார்கள். அரக்கு நிறப் புடவை, பச்சைக் கரை. சுகாசினிதான் கட்டிவிட்டாள், ஏனென்றால் நதியா தொட்ட இடத்திலெல்லாம் இழை மாட்டியது. கொசுவத்தில் இரண்டு இடத்தில் சரிகை தூக்கிக்கொண்டது. கேமரா வைத்திருந்தவன் "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான். தேய்க்கும்போது சிரிக்க அவளுக்கு வரவில்லை. "சோகமாவே இருக்கட்டும், அது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

குழாய் மெஷின் பொங்கலுக்கு அப்புறம்தான் வந்தது. அதுவரைக்கும் தீட்டும் வேலை நிற்கவில்லை. பதினோரு பேர் காத்திருக்கும்போது நிறுத்த முடியாது என்று அருள் சொன்னான். தர்மன் வாரத்துக்கு மூன்று நாள் தீட்டினான், துண்டுக்குப் பதில் மாஸ்க் போட்டுக்கொண்டு. நதியா சண்டை போட்டாள், பேசாமல் இருந்தாள், மறுபடி சண்டை போட்டாள். மெஷின் வந்த அன்றே அவனை அங்கிருந்து எழுப்பினாள். இருமல் குறையவில்லை. டாக்டர் சொன்னதுதான், உள்ளே போனது வெளியே வராது. ஆனால் உட்கார்ந்தபடி மாட்டுக் கொம்பை அரத்தால் ராவி, பிடிக்கு அளவு பார்ப்பதில் அவன் கை மெல்ல மெல்லப் படிந்தது. சில மத்தியானங்களில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டுகூட வேலை செய்தான்.

அவளும் இப்போது கொட்டகையிலேயே உட்கார்ந்து தேய்க்கிறாள். வந்து போகிற ஆட்கள் பார்க்க வேண்டும் என்று அருள் பலகையை ஜன்னலோரம் மாற்றிப் போட்டிருந்தான்.

உலையிலும் மெஷினிலும் தர்மன் இடத்துக்குத் தாமலிலிருந்து காசிநாதன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், முன்பு செங்கல் சூளையில் இருந்தவன். கெட்டிக்காரன். பத்தே நாளில் கோணம் பிடிபட்டுவிட்டது. ஆனால் குழாய் மெஷினின் இரைச்சல் அவனுக்கு ஆகவில்லை. காதுக்குள் ஏரோப்ளேன் ஓடுகிறது என்பான். நதியா குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது எட்டிக் குழாய் மெஷின் சுவிட்சை நிறுத்திவிடுவான். கரண்டு பில்லைப் பார்த்த பிறகு அருளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இரைச்சல் நின்றதும் கொட்டகை அமைதியாகிவிடும். பெல்ட்டின் சீறல் மட்டும் கேட்கும். ஜன்னல் வெயிலில் தூசி மினுமினுத்துக்கொண்டு எழும்பும்.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் அப்படி இரைச்சல் மூன்றாவது தடவையாக நின்றது. நதியா தாளைக் கிண்ணத்தில் போட்டாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தர்மன் அரத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து, சுவரோரம் போய் நின்றாள்.

காசிநாதன் முகத்தில் வேர்வையும் கறுப்புமாகத் திரும்பினான். "இன்னாக்கா நீ, எத்தினி தடவ எழுந்து வருவ? உனக்குக் கால் வலிக்கல?"

"வலிக்குது" என்று சொல்லிவிட்டு நதியா சுவிட்சைப் போட்டாள்.